ஓர் ஆங்கிலப் பெயரின் பொருள், பூர்வீகம், செல்வாக்கு: நீங்களே தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

எந்த ஆங்கிலப் பெயரைத் தேடினாலும் ஒரு வரிப் பதில் வந்து விழுகிறது. எம்மா என்றால் 'முழுமை', கேமரன் என்றால் 'கோணல் மூக்கு', நோவா என்றால் 'ஓய்வு'. அந்த வரியை யார் எழுதினார்கள், எதை வைத்து எழுதினார்கள் என்று அங்கே இருக்காது, ஒரு தளத்தில் இருப்பதையே இன்னொரு தளமும் எடுத்துப் போட்டிருக்கும், பத்து இடத்தில் ஒரே பதில் இருப்பதைப் பார்த்து நாமும் சரிதான் போல என்று நம்பிவிடுவோம். குழந்தைக்குப் பெயர் தேடுபவர், கதாபாத்திரத்துக்குப் பெயர் தேடும் எழுத்தாளர், பழைய குடும்ப ஆவணங்களைப் புரட்டுபவர், யாராக இருந்தாலும் கொஞ்சம் மெனக்கெட்டால் இதைவிட நல்ல பதிலைத் தாங்களே கண்டுபிடிக்கலாம். அதற்குத் தேவையானவை பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். "இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்ற கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அந்த வேர்ச்சொல் ஆதியில் என்ன பொருள் தந்தது? அது எந்த வழியாக ஆங்கிலேயர்கள் குழந்தைக்கு வைக்கும் பெயராக மாறியது? எந்தக் காலத்தில், எத்தனை பேருக்கு வைத்தார்கள்? முதல் கேள்விக்கு அகராதி வேண்டும், இரண்டாவதற்கு வரலாறு வேண்டும், மூன்றாவதற்குப் பிறப்புக் கணக்கு வேண்டும். ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்குப் போடுவதால்தான் பெயர்களைப் பற்றிய தவறான தகவல்கள் பெரும்பாலும் உண்டாகின்றன.

முதல் வேலை: பெயர் எந்த வகை என்று பாருங்கள்

இங்கிலாந்தில் புழங்கும் பெயர்கள் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை அல்ல. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தது இந்தக் கதையில் பெரிய திருப்பம். அதற்கு முன் லியோஃப்ரிக், காட்வின், ஏதல்ரெட் என்று பழைய ஆங்கிலப் பெயர்கள் இருந்தன. நார்மன்கள் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி என்று தங்கள் பெயர்களைக் கொண்டுவந்தார்கள். இவற்றின் வேர் ஜெர்மானியம், வந்த வழி பிரெஞ்சு. ஆள்பவர்களின் பெயர்களை ஆளப்படுபவர்களும் வைக்கத் தொடங்க, சில தலைமுறைகளுக்குள் பழைய பெயர்களில் பெரும்பாலானவை வழக்கொழிந்தன. இன்று நாம் 'அசல் ஆங்கிலப் பெயர்' என்று நினைக்கும் வில்லியம் உண்மையில் படையெடுத்து வந்தவரின் பெயர்.

தப்பிப் பிழைத்தவற்றில் முக்கியமானது எட்வர்ட். நார்மன்கள் வருவதற்கு முன் இங்கிலாந்தை ஆண்ட அரசர் எட்வர்டுக்கு 1161-இல் புனிதர் பட்டம் கிடைத்தது, அந்தப் புனிதர்மேல் பெரும் பக்தி கொண்ட மூன்றாம் ஹென்றி 1239-இல் பிறந்த தன் மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார், அந்த மகன் முதலாம் எட்வர்டாக அரியணை ஏறினார். அதற்குப் பிறகு எட்வர்ட் என்ற பெயர் ஆங்கிலேயர் வாழ்க்கையிலிருந்து விலகவே இல்லை. எட்கர், எட்வின் போன்றவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழமை மோகம் வந்தபோது புது வேகம் பெற்றன. ஆக, 'பழைய ஆங்கிலப் பெயர்' என்று ஒரு தளம் சொன்னால், அது தொடர்ந்து வாழ்ந்த பெயரா, விக்டோரியா காலத்தில் தூசு தட்டி எடுத்த பெயரா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

அடுத்த பெரிய கூட்டம் பைபிள் பெயர்கள். ஜான் என்பது ஹீப்ரு யோஹனானில் தொடங்கி, கிரேக்கத்தில் இயோவானெஸ் ஆகி, லத்தீனில் யோஹான்னெஸ் ஆகி, பழைய பிரெஞ்சில் ஜெஹான் ஆகி, அப்புறம்தான் ஆங்கிலத்துக்குள் வருகிறது. 'கடவுள் கருணையுள்ளவர்' என்ற பொருள் ஹீப்ருவுக்குரியது. மத்தியகால இங்கிலாந்தில் மகனுக்கு ஜான் என்று பெயர் வைத்த விவசாயி இந்தப் பொருளை நினைத்து வைக்கவில்லை. புனித யோவானை நினைத்திருப்பார், அல்லது ஞானத்தந்தையின் பெயர் அது என்பதற்காகவே வைத்திருப்பார்.

மூன்றாவது வகை, குடும்பப் பெயராக இருந்து முதல்பெயராக மாறியவை. ஆஷ்லி, டைலர், மேசன், மேடிசன், டெய்லர் எல்லாம் இதில் சேரும். 'லி' என்று முடிகிற பெயரைப் பார்த்தால் ஓர் ஊர்ப்பெயர் பின்னால் இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள், பழைய ஆங்கிலத்தில் காட்டையும் காட்டுக்கு நடுவே உள்ள திறந்த வெளியையும் குறித்த சொல் அப்படித்தான் தேய்ந்திருக்கிறது. 'டன்' என்று முடிந்தால் பண்ணை அல்லது குடியிருப்பு. 'சன்' என்று முடிந்தால் இன்னாரின் மகன். இந்த வகைப் பெயருக்குப் 'பொருள்' சொல்வதாக இருந்தால் அது ஊரின் பொருள், தொழிலின் பொருள், தகப்பன் பெயரின் பொருள். குழந்தையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மேசன் என்றால் கல்தச்சர், டைலர் என்றால் ஓடு வேய்பவர், அவ்வளவுதான்.

எழுத்தாளர்கள் உருவாக்கிய பெயர்களும் உண்டு. வனெஸ்ஸாவை ஜோனதன் ஸ்விஃப்ட் உருவாக்கினார். எஸ்தர் வான்ஹோம்ரி என்ற பெண்ணின் குடும்பப் பெயரிலிருந்து 'வான்' என்ற பகுதியையும், எஸ்தரின் செல்லப்பெயரான எஸ்ஸாவையும் சேர்த்தார். பாமெலா என்ற பெயர் சர் பிலிப் சிட்னியின் எழுத்தில் பிறந்தது. இப்படிப்பட்ட பெயருக்குக் 'கிரேக்க மொழியில் பட்டாம்பூச்சி' என்று யாராவது பொருள் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். வனெஸ்ஸாவுக்கு அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு வகைப் பட்டாம்பூச்சிக்கு அந்தப் பெயர் இருப்பது உண்மை, ஆனால் பூச்சியின் அறிவியல் பெயர் பிறகு வந்தது, பெண்ணின் பெயர்தான் முந்தியது.

பொருளைத் தேடும்போது

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பழைய ஆங்கிலப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்தவை. எட்வர்டில் 'செல்வம்', 'காவலன்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஆல்ஃபிரட்டில் 'எல்ஃப்' என்ற மாய இனமும் 'ஆலோசனை' என்ற சொல்லும். எடித்தில் 'செல்வம்', 'போர்'. உடனே 'எடித் என்றால் செல்வத்துக்காகப் போரிடுபவள்' என்று ஒரு வாக்கியம் பண்ணிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் பெயர் வைத்தவர்கள் அப்படி வாக்கியம் அமைக்கவில்லை. குடும்பத்தில் புழங்கும் துண்டுகளை எடுத்து மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். வூஸ்டர் நகரின் பிஷப்பாக இருந்த புனித வுல்ஃப்ஸ்டனைப் பாருங்கள். தாய் பெயர் வுல்ஃப்கிஃபு, தந்தை பெயர் ஏதல்ஸ்டன். தாயிடமிருந்து 'வுல்ஃப்', தந்தையிடமிருந்து 'ஸ்டன்'. பிரித்தால் 'ஓநாய்', 'கல்'. இந்த மனிதருக்கு 'ஓநாய்க் கல்' என்று பெயர் வைத்ததாகச் சொல்வது அபத்தம், அவர் பெயர் சொல்வது தான் யாருடைய பிள்ளை என்பதைத்தான். ஆகவே இரண்டு துண்டுப் பெயர்களுக்கு ஒவ்வொரு துண்டின் பொருளையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை ஒட்டி அழகான வாக்கியமாக ஆக்காதீர்கள்.

அடுத்தது, ஒலி ஒற்றுமை. எம்மா, எமிலி, அமீலியா மூன்றும் ஒரே குடும்பம் போலத்தான் தெரியும். எம்மா ஜெர்மானியப் பெயர், 'முழுமை' என்ற பொருள் கொண்ட ஒரு முன்துண்டிலிருந்து வந்தது, 1002-இல் இங்கிலாந்து அரசர் ஏதல்ரெட்டை மணந்து வந்த நார்மண்டியின் எம்மாவால் இங்கே அறிமுகமானது. எமிலியோ ரோமானியரின் எமிலியஸ் என்ற குலப்பெயரின் பெண் வடிவம். அமீலியாவுக்குள் 'உழைப்பு' என்று பொருள் சொல்லப்படும் 'அமல்' என்ற வேறொரு ஜெர்மானியத் துண்டு இருக்கிறது, பிறகு எமிலியாவின் சாயலும் அதில் ஏறிக்கொண்டது. ஒன்றுக்கு உரிய பொருளை இன்னொன்றுக்குக் கொடுக்கும் தளங்களுக்குக் கணக்கே இல்லை.

ஒரு தளமோ புத்தகமோ நம்பத்தகுந்ததா என்று சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அதில் மேரி என்ற பெயரைத் தேடுங்கள். மேரியின் மூலமான மிரியம் என்ற பெயருக்கு என்ன பொருள் என்று அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கசப்பு, கலகம், வேண்டிப் பெற்ற பிள்ளை என்று பல விளக்கங்கள் உண்டு, எகிப்திய வேரிலிருந்து வந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. இவ்வளவு குழப்பம் இருக்கும் பெயருக்கு ஒரே ஒரு பொருளை அடித்துச் சொல்லும் இடம், மற்ற பெயர்களுக்கும் அதே துணிச்சலோடுதான் பதில் எழுதியிருக்கும். 'நிச்சயமாகத் தெரியவில்லை' என்று எழுதும் துணிவு உள்ள இடத்தை நம்புங்கள்.

அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. ஈ. ஜி. விதிகோம் தொகுத்து 1945-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலக் கிறிஸ்தவப் பெயர் அகராதி இன்றும் பயன்படுகிறது, ஆனால் அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகள் அதில் இருக்காது என்பதை மறக்க வேண்டாம். பேட்ரிக் ஹேங்க்ஸும் ஃபிளேவியா ஹாட்ஜஸும் தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு முதல்பெயர் அகராதி அதைவிடப் புதியது. இணையத்தில் 'பிஹைண்ட் த நேம்' 1996-இலிருந்து இயங்குகிறது, அங்கே வேர்ச்சொல்லும் வரலாறும் பிரித்து எழுதப்பட்டிருக்கும், சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே சொல்வார்கள். மத்தியகாலப் பெயர் என்றால் ஐரோப்பிய ஆவணங்களிலிருந்து மத்தியகாலப் பெயர்களைத் தொகுக்கும் அகராதி ஒன்று இணையத்திலேயே இருக்கிறது, பெயர் எந்த ஆண்டு ஆவணத்தில் எந்த எழுத்துக்கூட்டலில் வந்தது என்று அது காட்டும். எனக்குக் கேட்டால், ஒரே ஒரு இடத்தை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் அகராதியைவிட இப்படி ஆண்டு போட்டுக் காட்டும் இடத்துக்குத்தான் போவேன்.

வந்த வழியைப் பின்தொடர

ஆங்கிலப் பெயர்களில் செல்லப்பெயர்கள் செய்யும் வேலை பெரிது. மத்தியகாலத்தில் ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்ற சில பெயர்களே ஆண்களில் பெரும்பாலோரிடம் இருந்தன. ஒரே தெருவில் ஐந்தாறு ராபர்ட்டுகள் இருந்தால் எப்படிக் கூப்பிடுவது? சுருக்கினார்கள், சுருக்கியதை எதுகை போட்டு மாற்றினார்கள். ராபர்ட்டிலிருந்து ராப், ராபிலிருந்து ஹாப், பாப். வில்லியத்திலிருந்து வில், வில்லிலிருந்து பில். மார்கரெட் மெக் ஆகி, மெக் பெக் ஆனது. மேரி மாலி ஆகி, மாலி பாலி ஆனது. 'என் எட்' என்பதன் பழைய வடிவத்தில் உள்ள 'ன்' ஒலி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டதால் எட்வர்ட் நெட் ஆனது. எலன் நெல் ஆனதும் இதே வழியில்தான்.

இது ஏன் முக்கியம் என்றால், இந்தச் செல்லப்பெயர்கள் பிறகு தனிப்பெயர்களாகப் பதிவாயின. ஜாக் என்பது ஜானின் செல்லப்பெயர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990களின் நடுவிலிருந்து 2008 வரை ஆண் குழந்தைகளுக்கு வைத்த பெயர்களில் முதலிடம் ஜாக்குக்குத்தான், அப்போது ஜான் பின்தங்கிவிட்டது. 'ஜான் செத்துவிட்டது' என்று பட்டியலை மட்டும் பார்ப்பவர் சொல்வார். வழியைத் தெரிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். அதேபோல் அமெரிக்காவில் 2017-இலிருந்து முதலிடத்தில் இருக்கும் லியாமை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரிஷ் பெயர் என்று எல்லோரும் எழுதுவார்கள், தவறில்லை, ஐரிஷ் வில்லியமான உல்யமின் சுருக்கம்தான் அது. ஆனால் வில்லியம் அயர்லாந்துக்குள் வந்தது நார்மன்களோடு. ஐரிஷ் வடிவம், ஜெர்மானிய வேர், பிரெஞ்சுப் பயணம், மூன்றும் அந்த ஒரு சின்னப் பெயருக்குள் இருக்கின்றன. 'பூர்வீகம்' என்று ஒரே சொல் எழுதச் சொன்னால் எதை எழுதுவீர்கள்? அதனால்தான் வேர், வடிவம், வந்த வழி என்று மூன்றையும் தனியாகக் குறியுங்கள் என்கிறேன்.

பழைய ஆவணங்களில் தேடுபவர்களுக்கு இன்னொரு தகவல். இங்கிலாந்தில் திருச்சபைகள் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1538-இல் தாமஸ் குரோம்வெல் உத்தரவிட்டார். அரசாங்கத்தின் சிவில் பதிவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837-இல் தொடங்கியது. பழைய திருச்சபைப் பதிவேடுகளில் பெயரை லத்தீனில் எழுதியிருப்பார்கள், அதை அப்படியே நம்பக் கூடாது. யாக்கோபுஸ் என்று இருந்தால் வீட்டில் ஜேம்ஸ் என்று கூப்பிட்டிருக்கலாம், ஜேக்கப் என்றும் கூப்பிட்டிருக்கலாம். எஜிடியஸ் என்று இருந்தால் அவர் பெரும்பாலும் ஜைல்ஸ். ஊரில் யாரும் அவரை எஜிடியஸ் என்று அழைத்திருக்கமாட்டார்கள்.

ஆவணத்தைப் பார்க்காமல் காதுக்கு எப்படிப் படுகிறது என்பதை வைத்துக் காலத்தை முடிவு செய்யாதீர்கள். டிஃபனி என்று கேட்டால் 1980களின் அமெரிக்கப் பெண்தான் நினைவுக்கு வருவாள். ஆனால் அது தியோஃபனியா என்ற பெயரின் மத்தியகால வடிவம், ஜனவரி 6-இல் வரும் திருக்காட்சித் திருநாளையொட்டிப் பிறந்த பெண் குழந்தைகளுக்கு வைத்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கதையில் டிஃபனியைக் கொண்டுவந்தால் வாசகர் நம்பமாட்டார், ஆனாலும் அது சரியான பெயர்தான்.

எத்தனை பேருக்கு வைத்தார்கள்?

இதற்கு ஊகம் தேவையில்லை, எண்கள் இருக்கின்றன. அமெரிக்காவுக்கு, முதியோர் ஓய்வூதியத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பான சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் 1880-இல் பிறந்தவர்கள் தொடங்கிப் பெயர்ப்பட்டியலை இலவசமாக வெளியிடுகிறது, வழக்கமாக மே மாதத்தில் முந்தைய ஆண்டின் கணக்கு வரும். அதன் பக்கத்தில் ஒரு பெயரைக் கொடுத்தால் ஆண்டுவாரியாக இடம் தெரியும், முதல் 1000 பெயர்களுக்குள் இருந்தால். மொத்தக் கோப்பைப் பதிவிறக்கினால் ஆண்டுக்கு 5 பேருக்காவது வைத்த எல்லாப் பெயர்களும் இருக்கும். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 1996-இலிருந்து ஆண்டுதோறும் முழுப்பட்டியல் தருகிறது, அங்கே எல்லை 3 குழந்தைகள். அதற்கு முந்தைய காலத்துக்கு 1904 முதல் 1994 வரை பத்து ஆண்டுக்கு ஒருமுறை முதல் 100 பெயர்கள் மட்டும். ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் தனித்தனியாக வெளியிடுகின்றன, அதனால் 'பிரிட்டனில் முதலிடம்' என்று படித்தால் எந்தப் பகுதி என்று பாருங்கள்.

அமெரிக்கக் கணக்கில் 1937-க்கு முன் பிறந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. சோஷியல் செக்யூரிட்டி திட்டத்துக்கான சட்டமே 1935-இல்தான் வந்தது, விண்ணப்பித்தவர்களுக்கு ஆளுக்கொரு எண் கொடுக்கத் தொடங்கியது 1936-இன் கடைசியில். 1880-இல் பிறந்தவர் அந்தப் பட்டியலில் இருக்கிறார் என்றால், அவர் ஐம்பது வயதுக்கு மேல் உயிரோடு இருந்து விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். முன்பே இறந்தவர்கள், விண்ணப்பிக்காதவர்கள் யாரும் அதில் இல்லை. 1880களின் போக்கைப் பார்க்க அது போதும், துல்லியமான எண்ணிக்கைக்குப் போதாது.

இடத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், சதவீதத்தையும் பாருங்கள். 1880 பட்டியலில் ஜான் 9,655 பேர், ஆண்களில் 8 சதவீதத்துக்கும் மேல். மேரி 7,065 பேர், பெண்களில் 7 சதவீதத்துக்கும் மேல். இன்று முதலிடத்தில் இருக்கும் லியாமும் ஒலிவியாவும் 1 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறார்கள். 'நம்பர் ஒன் பெயர் வைத்தால் வகுப்பில் நாலு பேர் அதே பெயரில் இருப்பார்கள்' என்று பயப்படுபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், அந்தப் பயம் இந்தக் காலத்துக்குப் பொருந்தாது.

எழுத்துக்கூட்டல் இன்னொரு பொறி. இரண்டு நாட்டுக் கணக்கிலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் தனிப்பெயர். சோஃபியாவை 'பிஹெச்' போட்டு எழுதினால் ஒரு வரி, 'எஃப்' போட்டு எழுதினால் வேறு வரி. 'சி'யில் தொடங்கும் கேத்தரினும் 'கே'யில் தொடங்கும் கேத்தரினும் ஒன்றையொன்று அறியாதவர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலில் 2023-இல் ஆண் பெயர்களில் முதலிடம் பிடித்த முகம்மதுவும் ஓர் எழுத்துக்கூட்டல்தான், அதே பெயரின் மற்ற எழுத்துக்கூட்டல்கள் பட்டியலில் வேறு இடங்களில் இருந்தன. உங்களுக்குத் தேவை காதில் கேட்கும் பெயரின் செல்வாக்கு என்றால், எல்லா எழுத்துக்கூட்டல்களையும் தேடிக் கூட்டுங்கள். கூட்டியதை 'அதிகாரபூர்வ இடம்' என்று மட்டும் எழுதாதீர்கள், அது உங்கள் கணக்கு.

ஒரு பெயரை முழுதாகப் பார்ப்போம்: ஷெர்லி

இதுவரை சொன்னதை எல்லாம் ஒரே பெயரில் போட்டுப் பார்க்கலாம். ஷெர்லிக்கு இணையம் தரும் பதில் 'பிரகாசமான புல்வெளி'.

'லி' என்று முடிகிறது, ஆகவே ஊர்ப்பெயரா என்று பார்க்கிறோம். ஆம், பழைய மாவட்ட எல்லைப்படி டெர்பிஷைர், ஹாம்ப்ஷைர், சர்ரே, வாரிக்ஷைர் என்று இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஷெர்லி என்ற ஊர் இருக்கிறது. இரண்டாவது துண்டு காட்டு வெளி. முதல் துண்டு பழைய ஆங்கிலத்தில் 'பிரகாசமான' என்றும் பொருள் தரும், 'ஆட்சிப் பகுதி' என்றும் பொருள் தரும், இன்று மாவட்டப் பெயர்களின் வாலில் இருக்கும் 'ஷைர்' அந்த இரண்டாவது பொருளில் வந்ததுதான். ஓர் ஊருக்கு ஒன்று பொருந்தும், இன்னொன்றுக்கு மற்றது. ஆக, 'பிரகாசமான புல்வெளி' என்பது சில ஊர்களுக்கு இருக்கக்கூடிய பொருள். ஒரு பெண்ணின் குணத்தைப் பற்றிய வர்ணனை இதில் எங்கும் இல்லை.

ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகிறது, குடும்பப் பெயர் எப்போதாவது ஆண்களின் பெயருக்குள் நுழைகிறது. 'பஞ்ச்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த, 1816-இல் பிறந்த ஆணின் முழுப்பெயர் சார்லஸ் வில்லியம் ஷெர்லி புரூக்ஸ், அவர் ஷெர்லி புரூக்ஸ் என்றுதான் அறியப்பட்டார். 1849-இல் சார்லட் பிராண்டே 'ஷெர்லி' என்ற நாவலை வெளியிட்டார். அதன் கதாநாயகியின் பெற்றோர் மகன் பிறப்பான் என்று காத்திருந்தவர்கள், மகள் பிறந்தபோது மகனுக்கு வைத்திருக்கக்கூடிய குடும்பப் பெயரையே அவளுக்கு வைத்துவிட்டார்கள் என்று நாவலே விளக்குகிறது. அந்த விளக்கம் தேவைப்பட்டது என்பதே, அப்போது வாசகர்களுக்கு இது ஆண் பெயராகத்தான் பட்டிருக்கும் என்பதற்குச் சான்று. நாவலுக்குப் பிறகு ஷெர்லி மெல்ல மெல்லப் பெண் பெயரானது.

அடுத்து எண்கள். ஷெர்லி என்றதும் எல்லோரும் சொல்வது குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளை. அவர் பிறந்தது 1928-இல், உச்சப் புகழ் 1934-இலிருந்து. அமெரிக்கப் பட்டியலைப் பார்த்தால் 1920களிலேயே அந்தப் பெயர் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது தெரியும், அதாவது அவருக்கே அந்த அலையில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்புறம் அவருடைய புகழ் அந்த அலையை உச்சிக்குத் தள்ளியது. 1935-இலும் 1936-இலும் ஷெர்லி இரண்டாம் இடம், 1935-இல் மட்டும் 40 ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள். முதலிடத்தில் மேரி இருந்ததால் அதைத் தாண்ட முடியவில்லை. பிறகு சரிவு, இந்த நூற்றாண்டில் பட்டியலின் அடிமட்டம்.

இப்போது உங்களிடம் இருப்பதை 'பிரகாசமான புல்வெளி'யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1975-இல் நடக்கும் அமெரிக்கக் கதையில் நாற்பது வயதுப் பெண்ணுக்கு ஷெர்லி பொருத்தமான பெயர். அதே கதையில் ஐந்து வயதுக் குழந்தைக்கு அவ்வளவாகப் பொருந்தாது, அவள் ஜெனிஃபராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், 1970-இலிருந்து 1984 வரை ஒவ்வோர் ஆண்டும் முதலிடம் அந்தப் பெயருக்குத்தான். 1830-இல் நடக்கும் ஆங்கிலேயக் கதையில் ஷெர்லி என்று யாராவது இருந்தால் அது ஆணாகவோ குடும்பப் பெயராகவோ இருக்கட்டும்.

ஏன் ஏறியது என்று சொல்லும் முன்

ஒரு பெயர் ஏறியதற்கு ஒரு படமோ பாட்டோ நடிகையோ காரணம் என்று சொல்வது எளிது. சில சமயம் அது உண்மைதான். மேடிசன் பெண் பெயராக அமெரிக்காவின் முதல் 1000-க்குள் முதல்முறை வந்தது 1985-இல். முந்தைய ஆண்டு வெளியான 'ஸ்பிளாஷ்' படத்தில் கடற்கன்னி நியூயார்க்கின் மேடிசன் அவென்யூ தெருப்பலகையைப் பார்த்துத் தனக்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறாள், அது தெருவின் பெயர் என்பதால் படத்தில் அது நகைச்சுவை. 2001-இல் மேடிசன் இரண்டாம் இடம். அதற்கு முன் பட்டியலில் அது இல்லை என்பதால் இங்கே காரணம் உறுதியாக நிற்கிறது.

எம்மாவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. 2002-இல் 'ஃபிரெண்ட்ஸ்' தொடரில் பிறந்த குழந்தைக்கு எம்மா என்று பெயர் வைத்ததால்தான் அது பிரபலமானது என்பார்கள். அந்த ஆண்டு பெரிய தாவல் இருப்பது உண்மை, ஆனால் 1990கள் முழுவதும் அந்தப் பெயர் ஏறிக்கொண்டே இருந்தது, 2000-இல் ஏற்கெனவே முதல் 20-க்குள். தொடரை எழுதியவர்களும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள். எனவே காரணம் எழுதும் முன், நிகழ்வுக்கு முந்தைய ஐந்து பத்து ஆண்டுகளின் எண்களைக் கட்டாயம் பாருங்கள். ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தால் 'வேகப்படுத்தியது' என்று எழுதுங்கள், 'தொடங்கிவைத்தது' என்று எழுதாதீர்கள். 1947-இல் மேரியை முதலிடத்திலிருந்து இறக்கிய லிண்டாவையும் இப்படிப் பாருங்கள். அதே ஆண்டில் அந்தப் பெயரில் ஒரு பாட்டு பெரிய வெற்றி பெற்றது, ஆனால் அதற்கு முன்பே லிண்டா இரண்டாம் இடத்தைப் பிடித்திருந்தது.

கடைசியாக, தேடிய பெயர் பட்டியலிலேயே இல்லை என்றால் அதை 'யாருக்கும் வைக்கவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்காவில் அந்த ஆண்டு அது 5 பேருக்குக் குறைவு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3 பேருக்குக் குறைவு, தனிநபர் அந்தரங்கத்துக்காக விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்க மாநிலக் கோப்புகளில் இதே 5 பேர் விதி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகப் பொருந்தும், அதனால் ஓர் அரிய பெயர் நாட்டுக் கணக்கில் 60 பேர் என்று இருந்து, எல்லா மாநிலங்களையும் கூட்டினால் 20 கூட வராமல் போகலாம். அப்படி வந்தால் உங்கள் கூட்டலில் பிழை இல்லை, நாட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.